அறுபது சொல்லில் ஓர் ஊர்

போன மாதம் பெரியவன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். சமூகவியல் பாடத்துக்கான வேலை. உங்கள் ஊரில் பழமையான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அங்கே நடப்போகும் தகவல் பலகைக்கான வாசகத்தை எழுதுங்கள், அறுபது சொல்லுக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான். எமிரேட்ஸில் நம் பிள்ளைகள் எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும் இந்த நாட்டுச் சமூகவியல் பாடம் உண்டு. இங்கே இருக்கிற அம்மாக்களுக்கு அந்தப் பாடத்தின் ப்ராஜெக்ட் வேலை என்னவென்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை!

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கேட்டது எந்த இடத்தை எடுக்கலாம் என்று இல்லை.

"அம்மா, நம்ம ஊருன்னா எந்த ஊரு?"

பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு மாத விசிட் விசாவில் பொறையாறிலிருந்து வந்திருக்கிறார். பேரன் கேட்டதும் என்னைப் பார்த்தார். நீயே சொல்லு என்கிற மாதிரி. நான் ஆறு வயதில் புஜைரா வந்தவள். இங்கேதான் படித்தேன். கல்லூரிக்குத் திருச்சி போய், கல்யாணம் முடித்து, 2012இல் திரும்ப இங்கேயே வந்தேன். பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை. ஆனாலும் எங்கள் விசாவில் ஒரு தேதி இருக்கிறது. வேலை இருக்கிறவரைக்கும் ஊர். வேலை முடிந்தால் பெட்டி கட்டவேண்டியதுதான். பத்து வயதுப் பையனுக்கு இதை எப்படிச் சொல்வது?

"தாள்ல போட்டிருக்கிறது புஜைராதாண்டா. முதல்ல அதை எழுது" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்தேன்.

சனிக்கிழமை எல்லாரும் கிளம்பினோம். முதலில் புஜைரா கோட்டை. துபாயிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் இருபது முறை காட்டியிருப்பேன். காரை நிறுத்துவேன், படம் எடுப்போம், அடுத்து கடற்கரைக்குப் போய்விடுவோம். அங்கே நின்று பலகையை முழுதாகப் படித்தது இதுதான் முதல் தடவை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோட்டை ஒரு பாறைமேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கட்டியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்த மண்ணில் கிடைக்கிற கல், சரளை, களிமண், வைக்கோல், ஜிப்சம் சாந்து இவற்றை வைத்தே எழுப்பியது. 1925இல் 'லாரன்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கடலில் நின்று சுட்டதில் மூன்று கோபுரங்கள் இடிந்துபோயின. பிறகு பல காலம் அப்படியே கிடந்தது. நான் பள்ளிக்குப் போன நாளில் பார்த்தது அந்த இடிந்த கோட்டையைத்தான். 1998இலிருந்து 2000 வரைக்கும் சீர்செய்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

"அப்ப இந்தச் சுவரு பழசா, புதுசா?" என்று கேட்டான் பையன்.

நல்ல கேள்வி. கொஞ்சம் பழசு, கொஞ்சம் புதுசு. எது எது என்று நமக்குத் தெரிய வழியில்லை. ஒரு தகவல் பலகையின் முதல் வேலையே இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணுக்குத் தெரிவதை விளக்க பலகை தேவையில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததை அது சொல்லவேண்டும்.

அங்கிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர், பிதியா பள்ளிவாசல். எமிரேட்ஸில் இன்றும் தொழுகை நடக்கிற பள்ளிவாசல்களில் மிகப் பழையது இதுவே என்கிறார்கள். சின்னஞ்சிறு கட்டடம், நம் ஊரில் ஒரு கூடமும் ஒரு அறையும் சேர்ந்த அளவு. மேலே நான்கு குவிமாடங்கள். நான்கையும் நடுவில் இருக்கும் ஒற்றைத் தூண் தாங்குகிறது. கல், மண்செங்கல், பவளப்பாறை என்று கிடைத்ததை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் குன்றின்மேல் இரண்டு காவல் கோபுரங்கள். ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் பேரீச்சந்தோப்பு, மறுபக்கம் ஓமான் வளைகுடா. தொழுகை நேரமாக இருந்ததால் வெளியிலேயே நின்று பார்த்தோம்.

இங்கேதான் தாத்தாவுக்கும் பேரனுக்கும் முதல் சண்டை. பையன் இணையத்தில் பார்த்து 1446 என்று குறித்துவைத்திருந்தான். 1997, 98 வாக்கில் புஜைராவின் தொல்லியல் துறையும் சிட்னி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்த பிறகு பரவலான ஆண்டு அது. ஆனால் அதற்குப் பல ஆண்டு பிற்பட்டது என்று சொல்லும் கணிப்புகளும் உண்டு. யார் கட்டினார்கள் என்பதற்குக் கல்வெட்டு இல்லை. பெரிய முத்து கிடைத்த மீனவர்கள் நன்றிக்காகக் கட்டியது என்று ஒரு கதை உலவுகிறது.

"முத்துக் கதையைப் போடு தாத்தா, அதான் நல்லாருக்கு" என்றான் அவன்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கதைன்னு சொல்லிப் போடு. நடந்ததுன்னு சொல்லிப் போடாத. ஆயிரத்து நானூத்து நாப்பத்தாறுன்னு ஒத்த வருஷத்தை அடிச்சுச் சொல்லாத, 'சுமார்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்க. பலகையில எழுதிட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்க மாட்டான். அதனால எழுதுறவன்தான் பயந்து எழுதணும்."

முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டின மனுஷன். தூக்குகிற எடையைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் நெம்புகோலைத் தொட்டதே இல்லை. வரலாற்றுக்கும் அதே விதிதான் போல!

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தோம். தாத்தாவும் கலந்துகொள்ளட்டும் என்று முதலில் தமிழில் எழுதச் சொன்னேன். தமிழில் நாற்பது சொல் வந்தால் ஆங்கிலத்தில் அறுபதுக்குச் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்கு. முதல் தாளில் இப்படி எழுதினான்: "இது மிகவும் அழகான, பழமையான, பெருமைமிக்க கோட்டை. அனைவரும் கட்டாயம் பார்க்கவேண்டிய இடம்." பலகைக்கு முன்னால் நிற்கிறவன் ஏற்கெனவே வந்துவிட்டான், அவனிடம் போய் வாருங்கள் வாருங்கள் என்று சொல்லி என்ன பயன்? இரண்டு வாக்கியத்தையும் அடித்தோம்.

ஐந்தாவது தாளில் வந்தது இது:

"புஜைரா கோட்டை. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. இங்கே கிடைத்த கல், களிமண், வைக்கோல், ஜிப்சம் சாந்து கொண்டு கட்டினார்கள். 1925இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்டதில் மூன்று கோபுரங்கள் இடிந்தன. 1998 முதல் 2000 வரை சீர்செய்யப்பட்டது. நீங்கள் பார்க்கும் சுவரில் பழையதும் உண்டு, புதியதும் உண்டு."

கடைசி வரி அவனுடையது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எழுதி முடித்ததும் பலகையை எங்கே நடுவது என்ற பேச்சு வந்தது. நேராகக் கோட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டலாம் என்றான். பழைய சுவரில் துளை போடவே கூடாது, தள்ளி ஒரு கம்பம் நட்டு அதில்தான் வைக்கவேண்டும் என்று சொன்னேன். அப்பா அவர் பங்குக்கு, கடல் காத்துக்கு இரும்புக் கம்பம் துருப்பிடிக்கும், வெயிலுக்குச் சிவப்புப் பெயிண்ட் முதலில் வெளுக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவனுக்கும் சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்கணும், நிக்கிறவன் நிழல் எழுத்து மேல விழணும், இல்லன்னா கண்ணு கூசும் என்று அடுக்கிக்கொண்டே போனார். சாலை ஓரத்தில் சுற்றுலா இடங்களைக் காட்டுகிற பழுப்பு நிறப் பலகைகளை நாம் தினமும் கடந்து போகிறோம். அதற்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நம் ஊருக்குப் போனது. பொறையாறுக்குப் பக்கத்திலேயே தரங்கம்பாடி. லீவுக்குப் போனால் பிள்ளைகள் விளையாடப் போகிற கடற்கரை அதுதான். அங்கேயும் கடலைப் பார்த்தபடி ஒரு கோட்டை, டேனிஷ்காரர்களின் டான்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. அப்போது நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் ஊரையே பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய இடத்தைக் குறிக்க அங்கே ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அதில் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒரு கோட்டையைப் பிரிட்டிஷ்காரன் சுட்டான், இன்னொன்றை விலைக்கு வாங்கினான். "ரெண்டு ஊருக்கும் ஒரே வில்லன்!" என்று பையன் சிரித்தான்.

ஆனால் நம் ஊர்ப் பலகைகளைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எந்தக் கோயிலுக்கோ கோட்டைக்கோ போனாலும் வாசலில் ஒரு நீலப் பலகை இருக்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் இன்ன தண்டனை, இவ்வளவு அபராதம் என்று எழுதியிருக்கும். அதைப் படித்தால் தண்டனை என்னவென்று தெரியும், கட்டடம் என்னவென்று தெரியாது. இப்போது பல இடங்களில் வரலாறு சொல்லும் பலகைகளும் வைத்திருக்கிறார்கள். அடுத்த லீவில் பிள்ளைகளை நிறுத்திப் படிக்கவையுங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

இடத்தைக் குறித்துவைப்பது நமக்குப் புதிதும் இல்லை. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டவர்கள் நாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்-பிராமி எழுத்து இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக ஊர்ப் பாதையில் சுமைதாங்கிக் கல் வைத்தார்கள். இரண்டு கல்லை நிறுத்தி, தோள் உயரத்தில் ஒரு கல்லைக் குறுக்கே போட்டது. வழியில் போகிறவன் தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் இறக்கிவைத்து இளைப்பாறலாம். அந்தப் பெண்ணின் பெயர் மறந்துபோன பிறகும் கல் அவள் பெயரால் உதவி செய்துகொண்டிருக்கும். இதைச் சொன்னபோது சின்னவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய தாள் பள்ளிக்குப் போய்விட்டது. கதை முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் காரில் வரும்போது நான் வளர்ந்த கட்டடம் இருந்த தெருவைத் தாண்டினோம். போன வருஷம் அதை இடித்துவிட்டார்கள். இப்போது தகரத் தடுப்பு, உள்ளே மணல். முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பையன் பின்சீட்டிலிருந்து கேட்டான். "தாத்தா, இங்க ஏன் போர்டு இல்ல?"

"இங்க என்னடா இருந்துச்சு, போர்டு வைக்க?"

"நீங்க இருந்தீங்கல்ல."

அப்பா சிரித்தார். "நாங்க வேலைக்கு வந்தவங்கப்பா. வேலை முடிஞ்சுது, போயிட்டோம். அதுக்கெல்லாம் யாரு போர்டு வைப்பா?"

"அப்ப நாமளும் போயிட்டா, நாம இங்க இருந்தோம்னு யாருக்குத் தெரியும்?"

காரில் ஒரு சத்தமும் இல்லை. நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவனுக்கு இரண்டு விஷயம் சொன்னேன். முதலாவது, லண்டன் வீடுகளில் இருக்கும் நீல வட்டப் பலகைகளைப் பற்றி. இன்னார் இந்த வீட்டில் வாழ்ந்தார் என்று சொல்லும் அந்தப் பலகைகளில் முதலாவதை 1867இல் பைரன் என்ற கவிஞர் பிறந்த வீட்டில் வைத்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளிலேயே அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், பலகையோடு சேர்த்து. ஆக, பலகை வைத்தாலும் வீடு போகும்.

இரண்டாவது, இங்கிருந்து தெற்கே, ஓமானில் சலாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கோர் ரோரி. சாம்பிராணி ஏற்றுமதி செய்த பழைய துறைமுகம். இத்தாலிய ஆய்வாளர்கள் அங்கே தோண்டி எடுத்த பொருள்களில் ஒரு பானை ஓடு. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு பெயர் கீறியிருக்கிறது: 'ணந்தை கீரன்'. கிடைத்தது 2006இல், தமிழ் எழுத்து என்று அறிஞர்கள் கவனித்தது 2012இல். கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அந்தக் கீரன் வணிகரா, கப்பலோடு வந்தவரா? ஓடு சொல்வது பெயர் மட்டும்தான். யாரும் அவருக்குப் பலகை வைக்கவில்லை. பானையில் அவர் பெயர் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

"அவரும் வேலைக்குத்தான் வந்தாரா?" என்றான்.

"வேலைக்குத்தாண்டா வந்திருப்பாரு" என்றார் அப்பா. இந்தத் தடவை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி பையன் இன்னொரு தாள் எடுத்தான். இது பள்ளிக்கு இல்லை. எழுதி முடித்து தாத்தாவிடம் நீட்டினான்.

"இந்த இடத்தில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் இருந்தது. மூன்றாம் மாடியில் பொறையாறைச் சேர்ந்த ஒரு குடும்பம் 1991 முதல் 2010 வரை வாழ்ந்தது. என் தாத்தா புஜைரா துறைமுகத்தைக் கட்டினார். என் அம்மா இங்கிருந்துதான் பள்ளிக்குப் போனார்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை வாங்கினார். "நான் கட்டலப்பா. 1978லயே கட்ட ஆரம்பிச்சுட்டாங்க, 83ல முழுசா ஓட ஆரம்பிச்சுது. நான் வந்தது 84. கிரேன் ஓட்டினேன். அதைப் போடு, போதும்." 'கட்டினார்' என்பதை அடித்து 'துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார்' என்று எழுதினார். "அப்புறம் இது 91 இல்ல. உங்கம்மாவும் பாட்டியும் ஃபேமிலி விசால வந்தது 92. அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் நான் பேச்சலர் ரூம்ல, ஆறு பேரோட."

"92தான்னு எப்படித் தெரியும்? 'சுமார்' போடணுமா?" அவர் சொல்லிக்கொடுத்ததை அவருக்கே திருப்பிவிட்டான்.

அப்பா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். காலாவதியான பாஸ்போர்ட்டுகள், மூலை வெட்டியவை, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். எங்கே போனாலும் அதையும் எடுத்துக்கொண்டு போவார் என்று எனக்குத் தெரியும். பழைய விசாவைப் பார்க்கக் கேட்பார்களோ என்று பயம். பாட்டியின் பாஸ்போர்ட்டும் அதில் இருந்தது. அம்மா தவறி நாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். வந்து இறங்கிய முத்திரை மங்கலாக இருந்தது, ஆனாலும் ஆண்டு தெரிந்தது. 1992. அதே பாஸ்போர்ட்டில் குழந்தையாக என் பெயர்.

"சுமார் வேண்டாம்" என்று சொல்லி 91ஐ 92ஆகத் திருத்தினான்.

அவன் "ஊரு எது" என்று கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என்னிடம் ஒரே வார்த்தையில் பதில் இல்லை. ஆனால் புஜைராவுக்கு ஒரு பலகை வாசகம், தகரத் தடுப்பு போட்ட மணலுக்கு ஒரு வாசகம் என்று இரண்டை எழுதிவிட்டான். லீவுக்குப் போனால் தரங்கம்பாடிக் கோயிலுக்கு ஒன்று எழுதவேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான், கடல் மிச்சத்தையும் எடுப்பதற்கு முன்னால். மூன்றும் அவனுக்குத் தெரிந்த இடங்கள். பத்து வயதுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் டொராண்டோவில் இருங்கள், சிங்கப்பூரில் இருங்கள், எங்களை மாதிரி வளைகுடாவில் இருங்கள், இந்த மாதம் பிள்ளைகளோடு இதைச் செய்துபாருங்கள். இருக்கிற ஊரில் ஒரு பழைய இடம், உங்கள் குடும்பம் இருந்துவிட்டு வந்த ஓர் இடம், இரண்டுக்கும் பலகை வாசகம். தமிழில் நாற்பது சொல். பெயர், காலம், என்ன நடந்தது, இப்போது கண்ணுக்குத் தெரியாதது என்ன. தெரியாததைக் கதை என்று சொல்லியே எழுதட்டும். புகழ்ச்சி வார்த்தைகளை அடித்துவிடுங்கள். முடிந்தால் தாத்தா பாட்டியிடம் பேனாவைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் அடிக்கிற ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் நாம் கேட்காத ஒரு கதை இருக்கும். ஆறு பேரோடு எட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அப்பா போன வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பினார். ஏர்போர்ட்டில் பெட்டியை எடை போட்டபோது பாஸ்போர்ட்டுக் கட்டை எடுத்தாரா என்று கேட்டேன்.

"அதைப் பெரியவன்கிட்டயே குடுத்துட்டேன்" என்றார். "எனக்கு இனிமே யாரு கேக்கப் போறா? அவன்தான் கேக்குறான்."